வாசிக்கிறேன், கேட்டுக்குங்க

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் உபதேசியாராக இருந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். உயிரோடு இருந்தபோதே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னால் நின்றால் "உபதேசியாரய்யா". தூரத்தில் குடை தெரிந்தால் "வந்துட்டாரு, வாய மூடு."

ஃபாதர் தலவாக்கலையிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, செத்த வீட்டில் செபிப்பது எல்லாம் இவர்தான். ஃபெக்டரியில் ரோலர் மெஷினோடு வேலை செய்து ஓய்வெடுத்தவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிய தொண்டை, கோயிலுக்குள் வந்தும் இறங்கவில்லை. "சமாதானம் உண்டாவதாக" என்று அவர் சொன்னால் யாரையோ சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அதை அவர் முகத்துக்கு முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டார். வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு என்று நற்சான்றுக் கடிதம் கேட்டு ஞாயிறு செபம் முடிந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கொப்பியை முழங்காலில் வைத்து, சிவப்புப் பேனாவால் எழுதுவார். எழுதி முடித்ததும் தொண்டையைச் செருமுவார்.

"வாசிக்கிறேன், கேட்டுக்குங்க."

கேட்டுக்கொள்வது எழுதி வாங்க வந்தவர் மட்டுமா? வரிசை முழுக்கக் கேட்கும். கொழும்பில் செக்கியூரிட்டி வேலைக்குப் போக நின்ற ஒருவனுக்கு அவர் எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இவர் நேர்மையானவர். பிறர் பொருளைத் தொடமாட்டார். காலையில் எழும்பவும் மாட்டார். இரவு வேலை கொடுத்தால் நல்லது." அவன் தலையில் கை வைத்துக்கொண்டு போனான். இரவு வேலையே கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

செத்த வீட்டிலும் அப்படித்தான். குடித்துக் குடித்தே போன ஒருவரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "ஆண்டவரே, இவர ஒமக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புதுசா நான் என்னாத்தச் சொல்ல? ஆனா சம்பள நாளுல புள்ளைகளுக்கு முட்டாயி வாங்காம இவரு வீட்டுக்குப் போனதில்ல. அதையும் சேத்துப் பாரும்" என்றார். அதுவரைக்கும் அழாமல் இருந்த பெண்சாதி அப்போதுதான் அழுதாள்.

ஒரு ஃபாதர் மாறிப் போனபோது பிரியாவிடை வைத்தோம். ஏழைகளின் தந்தை, அன்பின் ஊற்று என்று ஆளுக்கு ஆள் அள்ளி விட்டார்கள். இவர் முறை வந்தது. கொப்பியைத் திறந்தார். "வாசிக்கிறேன், கேட்டுக்குங்க ஃபாதர். நீங்க நல்லவரு. பிரசங்கம் நீளம். நாலு வருசத்துல எங்க லயத்து வீடுகளுக்கு ரெண்டு தடவ வந்தீங்க. அதுல ஒண்ணு வழி தவறி வந்தது." ஃபாதர் குடித்துக்கொண்டிருந்த சோடா மூக்கால் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊரிலிருந்து ஃபோன் எடுத்தாலும் அந்த ஃபாதர் முதலில் கேட்டது இவரைத்தான்.

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது என்று சொல்லமாட்டேன். வயிறெரிந்தவர்களும் உண்டு. என் வயிறும் எரிந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகள் ரீத்தா தாதியாக வேண்டும் என்று சின்னதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொழுந்தெடுக்கிறவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி போடுகிறார். எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் அவள். சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு தாதிப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். எழுத்துப் பரீட்சைக்கு அறுபது புள்ளி. மிச்ச நாற்பது 'தனிப்பண்பு' என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அந்த நாற்பதை எதை வைத்துப் போடுவார்கள் என்று ஒரு வரி இல்லை. விண்ணப்பதாரரைப் பற்றி அவர்களே விசாரித்துக்கொள்வார்களாம்.

தோட்டம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கதை. தலையில் எண்ணெய் வைத்துப் போனால் ஐந்து குறையும் என்றாள் ஒருத்தி. உள்ளே நுழையும்போது வலது காலா இடது காலா என்று பார்க்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. "சிரிச்சா கொறைப்பாங்க, சிரிக்காட்டியும் கொறைப்பாங்க, பாதி சிரி" என்று என் நாத்தனார் பழக்கிக்கூட விட்டாள். ரீத்தா பாதி சிரித்தால் பல்வலிக்காரி மாதிரி இருந்தாள்.

எழுத்துப் பரீட்சையில் ஐம்பத்திரண்டு வாங்கினாள். நேர்முகத்துக்குப் போய் வந்தாள். பிறகு ஒரு கடிதம் வந்தது. தெரிவு செய்யப்படவில்லை. காரணம்: தனிப்பண்பு போதாமை.

கணக்கில் தோற்றால் கணக்கைப் படிக்கலாம். இது என்ன? பிள்ளை கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். "அம்மா, என் பல்லு இடைவெளியா இருக்கறதாலயா?" என்பாள். அடுத்த நாள், "லயத்து வெலாசம் போட்டதுதான் தப்பு. தபால் பெட்டி இலக்கம் போட்டிருக்கணும்." அதற்கடுத்த நாள், "கருப்பா இருந்தா நோயாளிங்க பயப்படுவாங்களாமா?" சிங்களத்தில் ஒரு வார்த்தை தடுமாறினாளாம், அதுவா என்று ஒரு வாரம் ஓடியது. காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டதால் தன் உடம்பு முழுக்கக் காரணம் தேடினாள். கோயிலில் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். நான் மாதாவிடம் செபமாலை சொல்லிக் கேட்டேன். மாதாவும் காரணம் சொல்லவில்லை.

வயதெல்லைப்படி இன்னும் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். அந்த வருஷம் புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். கோயில் பொறுப்பாளரிடமிருந்து இரகசியக் கடிதம், உறையில் ஒட்டி, முத்திரை குத்தி.

இரகசியக் கடிதம்! இவரிடமிருந்து! 

ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கே போனேன், வரிசைக்கு முன்னால் வேண்டாம் என்று. போகிற வழியிலேயே சொல்லி வைத்தேன். "அடியே, அவரு என்னா வாசிச்சாலும் வாயத் தொறக்காத." அவர் ஒரு மணி நேரம் எழுதினார். தொண்டையைச் செருமினார்.

"வாசிக்கிறேன், கேட்டுக்குங்க. 'இந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம். பொறுமை குறைவு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவாள். பக்கத்துக் காம்பராவில் ஒரு கிழவருக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து, பெற்ற பிள்ளைகளே மூக்கைப் பொத்தியபோது, இவள் ஐந்து மாதம் தினமும் கழுவிக் கட்டினாள். திட்டிக்கொண்டேதான் கழுவினாள். ஒரு நாளும் தவறவில்லை. செய்ததைப் பலமுறை சொல்லிக்காட்டினாள்.'"

"பலமுறையா?" என்று ரீத்தா பாய்ந்தாள். "யாரு சொன்னா? ரெண்டே தடவ."

"எப்பெப்ப?"

"அவரு மருமக எங்க வீட்டுக்குச் சீனி கேட்டு வந்தப்ப ஒண்ணு. கோயில் கூட்டத்துல ஒண்ணு."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "சரிதான்" என்று 'பலமுறை'யை வெட்டி 'இரண்டு முறை' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: "இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை மறுத்தாள். அவள் சொன்னதே சரி, திருத்தினேன்." கடிதத்தை உறைக்குள் போட்டு வாயை மடக்கி மட்டும் விட்டார்.

"ஒட்டச் சொல்லியிருக்காங்கய்யா" என்றேன்.

"அவளப் பத்தி எழுதினத அவளுக்கே மறைச்சு ஒட்டறதுக்கு நான் என்னா தபால் கந்தோரா? போங்க தங்கச்சி."

ரீத்தா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வாய் அதிகம், பொறுமை குறைவு என்று எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் எடுப்பார்கள்?

என் பாவத்தை மறைக்கமாட்டேன். பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பது நான்தான். கோயில் சாவி என்னிடம் இருக்கும். துணி வைக்கிற இழுப்பு லாச்சியில்தான் முத்திரையும் இருக்கும். முத்திரையை எடுத்துக்கொண்டு நேரே தலவாக்கலைக்குப் போனேன். அங்கே ஒரு கொமினிகேஷன் கடையில் ஃபோட்டோக் கொப்பியும் அடிப்பார்கள், நற்சான்றுக் கடிதமும் கணினியில் தயாராக வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதும். பணிவு, பொறுமை, இனிய சுபாவம், மதுப்பழக்கம் இல்லாதவர். வாங்கினேன். உபதேசியாருடைய கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், போடச் சுலபம். முத்திரையைக் குத்தி, உறையை ஒட்டி, அதன் மேல் ஒரு சிலுவையும் போட்டேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நேர்முக நாளில் வட்டகொடையில் ரயிலேறி, ஒரு பஸ் மாறிப் போனோம். உறையை நான்தான் வாசலில் இருந்த பிள்ளையிடம் நீட்டினேன். ரீத்தா உள்ளே போனாள். நான் ஜன்னலுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதை யார் திறந்தது என்று கேட்காதீர்கள்.

உள்ளே மூன்று பேர். தலைமைச் சிஸ்டர், ஒரு டொக்டர் அம்மா, கோட்டுப் போட்ட ஒரு ஐயா. கோட்டுக்கார ஐயா உறையைக் கிழித்து வாசித்தார். "பணிவு, பொறுமை, இனிய சுபாவம், மதுப்பழக்கம் இல்லாதவர்."

"இன்னைக்கு இது ஏழாவது மதுப்பழக்கம் இல்லாதவர்" என்றார் சிஸ்டர்.

ரீத்தா வாயைத் திறந்தாள். "சிஸ்டர், அது எங்க உபதேசியாரு எழுதினது இல்ல."

"எப்படித் தெரியும்?"

"ஒற ஒட்டியிருக்கு. அவரு ஒட்டமாட்டாரு. அவரு எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டினாரு."

"அப்போ என்ன எழுதியிருந்தார்?"

சொன்னாள். வாய் அதிகத்தில் தொடங்கி, சீனி கேட்டு வந்த மருமகள் வரைக்கும், ஒரு எழுத்து விடாமல். என் செபமாலை ஒரே மணியில் நின்றுவிட்டது.

"அப்படியென்றால் இதை யார் எழுதினது?" என்றார் கோட்டுக்கார ஐயா.

"எங்கம்மாவா இருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. கூப்பிடவா?"

மூன்று முகமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தூண் ஒல்லி, நான் அப்படியில்லை.

பிறகு அவள் குரல் மாறியது. "சிஸ்டர், நான் ஒண்ணு கேக்கலாமா? போன வருசம் ஏன் என்னைய வேணாம்னீங்க? பல்லா, லயமா, நெறமா, சிங்களமா? ஒரு வருசமா யோசிக்கிறேன். இந்தத் தடவையும் வேணாம்னா பரவாயில்ல. என்னான்னு சொல்லிருங்க. தெரியாதத எப்படி சிஸ்டர் திருத்தறது?"

நான் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். கடைசியில் சிஸ்டர், "அதைச் சொல்கிற வழக்கம் இல்லை மகள்" என்றார். ஆனால் அதைச் சொன்னபோது அவர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தெரிவு செய்யப்பட்டிருக்கிறார். லயமே கூடியது. நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். உபதேசியார் கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஏன் எடுத்தாங்கன்னு எழுதியிருக்கா?"

"இல்லங்கய்யா."

"அப்ப போன வருசக் கடுதாசிக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம்? போன வருசத்துக்கும் சேத்து எழுதிக் கேளு புள்ள."

"எடுத்துட்டாங்களே, இன்னும் என்னாத்தக் கேக்கறது?" என்று நான் குறுக்கே விழுந்தேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை. எழுதினாள். ஒரு மாதம் கழித்துப் போன வருஷத்துப் புள்ளித் தாளின் பிரதி வந்தது. பணிவும் பொறுமையும் என்ற இடத்தில் பத்துக்கு இரண்டு. அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அது வெறுமையாக இருந்தது. கீழே சிஸ்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "காரணம் பதியப்படவில்லை. அது எங்கள் குறை, உன்னுடையதல்ல."

ரீத்தா அந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "பல்லு இல்லம்மா" என்றாள். 

உபதேசியார் ஏதாவது நக்கலாகச் சொல்வார் என்று பார்த்தோம். சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டு மழையில் நடந்து போனார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

முத்திரைக் களவுக்காக ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் மன்னித்தார். ரீத்தா சொல்லித் தெரிந்துகொண்ட இவர் விடவில்லை. வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். "ஞாயித்துக்கிழம இப்பிடிச் சொல்லப் போறேன். 'முத்திரையை எடுத்தவர் நம் மத்தியில்தான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். மூன்றாவது வரிசை, பச்சைச் சேலை.' சரியா?" நான் சரியென்று தலையாட்டிவிட்டு, கோயிலுக்கு வழக்கமாகக் கட்டுகிற பச்சையை விட்டு, ஞாயிறு நீலச் சேலையில் போனேன். அவர் பாட்டுக்கு வாசித்தார். மூன்றாவது வரிசையில் பச்சையில் உட்கார்ந்திருந்தது என் நாத்தனார். கோயிலே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பச்ச இல்ல. நீலத்துக்கு மாறிட்டாங்க" என்றார். நாத்தனார் என்னோடு நாலு மாதம் பேசவில்லை.

ரீத்தா படிப்பில் இரண்டாம் வருஷம் இருக்கும்போது அவர் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர். ஆஸ்பத்திரி வார்டில், பார்வையாளர் நேரத்தில் சூப்போடு போனேன். சூப்பைத் தள்ளி வைத்தார்.

"தங்கச்சி, பேப்பர் இருக்கா? எனக்கு ஒரு நற்சான்று வேணும். மேல மோட்ச வாசல்ல பேதுரு நிப்பாரு. இப்ப எங்கயும் எழுத்துல இல்லாம உள்ள விடறதில்ல."

"நானாங்கய்யா எழுதணும்? முத்திரையத் திருடினவளா?"

"அதனாலதான். முத்திர எங்க இருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

எழுதினேன். அழுகையும் சிரிப்புமாக எழுதினேன். முடித்துவிட்டு, "வாசிக்கிறேன், கேட்டுக்குங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"'இவருக்குப் பாட்டு வராது. முதல் ஆளாகப் பாடுவார். வாய் கடுமை. பொறுமையும் பணிவும் உள்ளவர்...'"

ஒரு விரல் எழும்பியது. "கொமினிகேஷன் வாசன அடிக்குது. வெட்டுங்க."

வெட்டினேன். "'எழுபது லயத்துக் காம்பராவிலும் இவர் ஏறாத வாசல் இல்லை. யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசியதில்லை.'"

"அதையும் வெட்டுங்க" என்றார்.

"அது நிசந்தானேங்கய்யா!"

இல்லை என்று தலையாட்டினார். எங்கள் தோட்டத்தில் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் ஃபோனுக்கு டவர் கிடைக்கும். முதல் விண்ணப்பம் போட்ட வருஷம், ரீத்தாவைப் பற்றி விசாரிக்கக் கல்லூரியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பாறையில நின்னுதான் பேசினேன். இது ரகசியம், பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதுன்னாங்க. கீழ பீலியில ஒரே பொம்பளைங்க. என் தொண்டதான் தெரியுமே. சரின்னு பேசிக்கிட்டே மலைக்கு மேல ஏறினேன். வாய் கூட, பொறும இல்லன்னு சொன்னேன். புண்ணு கழுவினதச் சொல்றதுக்குள்ள டவர் போச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எறங்கி வந்து திருப்பி எடுத்திருக்கணும். எடுக்கல. ரகசியமாப் பேசிட்டு அந்தப் பொம்பளைங்க முன்னால நிக்க வெக்கமா இருந்துச்சு. நாளைக்குன்னு விட்டேன். அந்தக் காலிக் கட்டம் நான்தான் தங்கச்சி."

என் கை பேனாவிலேயே இருந்தது. ஒரு வருஷம் என் பிள்ளை கண்ணாடி பார்த்தது எனக்கு முன்னால் வந்து நின்றது. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆண்டவர்தான் உட்கார வைத்தார். அந்த வரியை வெட்டிவிட்டு, "முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்" என்று எழுதினேன்.

"இத அவளுக்கும் வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

அடுத்த நாள் ரீத்தா கல்லூரியிலிருந்து நேரே, வெள்ளை உடுப்போடு வந்தாள். நான் வாசித்தேன். அவர் டவர் கதையைத் தானே சொன்னார், பாதியில் விடாமல், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவள் போய் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்தாள். அவரைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகுதான் வாய் திறந்தது.

"ஃபோன் கட்டானா திருப்பி எடுக்கணும்னு ஒரு பெரிய மனுசனுக்குத் தெரியாதா? பல்லுதான் காரணம்னு ஒரு வருசம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அசையாதீங்க. ரகசியமாம், ரகசியம். கைய நீட்டுங்க. அந்தக் கைய இல்ல."

முதுகு துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, பவுடர் போட்டு முடிகிற வரைக்கும் திட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். கடைசியில் கையைத் துடைத்துவிட்டு என்னிடமிருந்து தாளை வாங்கினாள்.

"பேசியிருக்காருன்னா எத்தன தடவன்னு போடணும்லம்மா" என்று, என் வரிக்கு முன்னால் 'ஒரே ஒரு முறை' என்று சேர்த்தாள். அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சரியென்று தலையாட்டினார்.

எட்டாம் நாள் போய்விட்டார். பெட்டி மூடுவதற்கு முன்னால் கோயில் லாச்சியைத் திறந்து, இந்தத் தடவை எல்லோரும் பார்க்க, முத்திரையைக் குத்தினேன். கடிதத்தை உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்தேன். உறையை ஒட்டவில்லை.